ஓராண்டு உட்கார்ந்து படிக்க முடிந்தவருக்குத்தான் இடமா?

கேள்வி இது: “பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்தே பிள்ளைகள் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் இன்னும் ஓராண்டு, அதற்கும் மேல் இன்னும் ஓராண்டு. இப்படி ஆளை வாட்டி எடுக்கிற தயாரிப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பது நியாயமான முறைதானா?”

நான் முப்பது வருடத்துக்கும் மேல் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் பக்கத்தில் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில், மறுபடி தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வு வைப்பது நியாயம்தான். கடுமையாகப் படிக்கச் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் தயாரிப்புக்கு எல்லையே இல்லாமல் விட்டுவிட்டால், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதோடு அந்தக் குடும்பம் எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்பதையும் சேர்த்தே தேர்வு அளந்துவிடுகிறது. இரண்டும் ஒரே எண்ணாக வெளியே வரும். அதில் எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

முதலில் தேர்வின் பக்கத்து நியாயம். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கட்டு நம் மேசைக்கு வரும்போது அதில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, ஊர் இருக்காது. மேல்தாளை எடுத்துவிட்டு டம்மி நம்பர் போட்டிருப்பார்கள். நாம் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலர் ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்ப்பார், அப்புறம் முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார். கீ ஆன்சரில் ஒரு படிக்கு அரை மதிப்பெண் என்றால் யாராக இருந்தாலும் அரைதான். அதிகாரி வீட்டுப் பிள்ளையின் தாளும் கல் உடைக்கிறவர் வீட்டுப் பிள்ளையின் தாளும் ஒரே கட்டில் அடுத்தடுத்து இருக்கும், எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் இவ்வளவு சமமான இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டுத்தான் சிலர் “தேர்வே வேண்டாம், ஆளை நேரில் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுக்கலாம்” என்கிறார்கள். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அது 1970ல் பெரியகருப்பன் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நேர்காணலில் மதிப்பெண் போட்ட விதத்தை நீதிமன்றம் குறை சொன்னது. சில நிமிடங்கள் எதிரே உட்கார வைத்து ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் என்ன கண்டுபிடித்துவிட முடியும்? நல்ல சட்டை, தயங்காத ஆங்கிலம், அப்பா யார் என்ற தகவல், இதற்கு மேல் அங்கே எதுவும் தெரியாது. முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளை அந்த அறைக்குள் நுழையும்போதே பாதி தோற்றுவிடும். எழுத்துத் தேர்வு அந்த அறையின் கதவைச் சாத்தியது. அதனால் நுழைவுத் தேர்வைப் பற்றி நான் என்ன குறை சொன்னாலும், அந்த அறைக்குத் திரும்பிப் போகலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சரி, அப்படியானால் பிரச்சினை எங்கே இருக்கிறது? எல்லாக் கடுமையான தயாரிப்பும் ஒரே மாதிரி இல்லை. நான் எப்போதும் சொல்கிற எடுத்துக்காட்டு டைப்ரைட்டிங். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு இன்ஸ்டிடியூட் இருந்தது. காலை ஆறு மணிக்கே மிஷின் சத்தம் தெருவுக்குக் கேட்கும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். தினம் ஒரு மணி நேரம், மாதக்கணக்கில், விரல் நுனி காய்த்துப் போகும்வரை அடிக்க வேண்டும். அதுவும் வாட்டுகிற பயிற்சிதான். ஆனால் அங்கே அடித்துப் பழகியதைத்தான் நாளைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யப் போகிறார்கள். ஒரு கூலித் தொழிலாளியின் வருமானத்துக்குள் அடங்குகிற கட்டணம். வேலைக்குப் போய்க்கொண்டே, கல்லூரிக்குப் போய்க்கொண்டே பழகலாம். வேகம் வந்துவிட்டால் பாஸ், அவ்வளவுதான். பக்கத்து மிஷின் பெண்ணைவிடக் கால் சொல் குறைவாக அடித்தாய் என்று யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். காவலர் வேலைக்கு விடியற்காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடுகிற பையன்களும் அப்படித்தான். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஓடிப் பழகினால் நெஞ்சு பலப்படும், அந்தப் பலம் வேலைக்கும் உதவும். இந்தத் தயாரிப்புகளை யாரும் அநியாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மருத்துவ, பொறியியல் இடங்களுக்கான போட்டியில் இது தலைகீழாகப் போய்விட்டது. நீட் வந்ததனால்தான் எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே கெட்டுப் போயிருந்தது, அதை என் வகுப்பறையிலேயே பார்த்தேன்.

தமிழ்நாட்டில் 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த நுழைவுத் தேர்வு, 2006ல் இயற்றிய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்ததும் 2007ல் போனது. அதன்பிறகு பத்து வருடம் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். உயிரியலை நூற்றுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி, 200க்கு கட்-ஆஃப் போடுவார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது நல்லது என்றே நானும் நம்பினேன். ஓரளவு நல்லதாகவும் இருந்தது. ஆனால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துத் தனியார் பள்ளிகளில் என்ன நடந்தது? பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்காமலேயே, அந்த வருடமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். ஒரே பாடத்தை இரண்டு வருடம். பொதுத்தேர்வுக்கு முன்னால் மாதிரித் தேர்வு மேல் மாதிரித் தேர்வு.

அப்போது இயற்பியல் தாள் 150 மதிப்பெண்ணுக்கு: ஒரு மதிப்பெண் முப்பது, மூன்று மதிப்பெண் பதினைந்து, ஐந்து மதிப்பெண் ஏழு, பத்து மதிப்பெண் நான்கு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வரும் என்று ப்ளூ பிரிண்ட் இருக்கும். அதை வைத்து எதைப் படிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம். முகாமில் தாள் திருத்தும்போது சில கட்டுகள் வரும். இருபது தாளிலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் வரி முறியும், படத்தில் அம்புக்குறிகூட ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். காப்பி அடித்ததில்லை அது, எனக்கு நன்றாகத் தெரியும். நூறு முறை எழுதி எழுதிக் கையில் ஊறிப்போனது. அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. முழு மதிப்பெண் போட்டேன், போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்த கட்டில், அதே பாடத்தை ஒரே ஒரு வருடம், கொஞ்ச நாள் ஆசிரியரே இல்லாமல் படித்த ஒரு பிள்ளை, தன் சொந்த வாக்கியத்தில் கொஞ்சம் தடுமாறி, சரியாகவே எழுதியிருக்கும். அதற்கு ஒன்றரை மதிப்பெண் குறையும். கட்-ஆஃப் கால் மதிப்பெண்ணில் முடிவாகிற காலத்தில் ஒன்றரை என்பது ஒரு கல்லூரி. அன்றைக்கும் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பதினோராம் வகுப்பை விழுங்கிவிடுவதைத் தடுக்கத்தான் 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025ல் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்பது உண்மைதான், ஆனாலும் எனக்கு அந்தப் பழைய பயம் திரும்ப வந்திருக்கிறது.

இப்போது நீட். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 2017லிருந்து. 180 கேள்வி, 180 நிமிடம். சரியென்றால் நான்கு, தப்பென்றால் ஒன்று கழியும், மொத்தம் 720. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால், படித்துப் புரிந்து யோசித்துப் போட நேரம் கிடையாது. பார்த்த உடனே இது எந்த வகை என்று கை போக வேண்டும். அதற்கு ஒரே வழி, அதே வகைக் கேள்வியை முன்பே பத்தாயிரம் பார்த்திருப்பது. மறுபடி எழுதுகிற ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு நான் பாடம் எடுத்தபோது எனக்குக் கொடுத்த வேலை இயற்பியல் கற்பிப்பது இல்லை. எந்தக் கேள்வியைத் தொடாமல் தாண்ட வேண்டும், நான்கு விடையில் இரண்டை அலகை மட்டும் வைத்து எப்படித் தள்ள வேண்டும், எப்போது ஊகித்தால் லாபம், இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே சொல்லிக் கொடுத்தேன், பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் ஏறியது. ஆனால் அதில் எந்த ஒரு வித்தையும் ஒரு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் உதவாது.

அந்த பேட்ச்சில் ஒரு பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் மருத்துவர்கள். 2018ல் முதல் முறை எழுதி 291. லாங் டெர்ம் என்கிற ஒரு வருட முழுநேரப் பயிற்சியில் சேர்ந்து 2019ல் 430. இன்னொரு வருடம், 2020ல் 587. அரசுக் கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்துவிட்டான். நல்ல பையன், பொறுமைசாலி. நாளைக்கு எனக்கு நெஞ்சு வலி என்றால் தயங்காமல் அவனிடம் போவேன். அவன் தகுதி இல்லாதவன் என்று சொல்ல நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. 291 வாங்கிய பையனும் 587 வாங்கிய பையனும் ஒரே ஆள்தானே? 2018ல் “இவனுக்கு மருத்துவத்தில் இடம் இல்லை” என்று தள்ளிய அதே தேர்வு, இரண்டு வருடம் கழித்து “இடம் உண்டு” என்றது. நடுவில் அவனிடம் சேர்ந்தது இரண்டு வருடக் காலமும் அதற்கான பணமும். அப்படியானால் 291 என்ற எண் அவனுடைய திறமையைப் பற்றிச் சொன்னது என்ன?

அதே 2018ல் எனக்கு அரசுப் பள்ளியில் கடைசி பேட்ச். அதில் ஒரு பெண். அப்பா விசைத்தறியில் ஷிப்ட்டுக்குப் போகிறவர். அவளும் நீட் எழுதினாள், தமிழில். 288. பையனைவிட மூன்று மதிப்பெண் குறைவு, ஒரு கேள்விகூட இல்லை. அந்த வருடம் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் கருணையாகக் கொடுக்கச் சொன்னது. ஒரு சில நாள் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்று சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 196 மதிப்பெண்ணை எல்லோருக்கும் அப்படியே தூக்கிக் கொடுப்பது சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒரு நிமிடத்தில் விடை போட வேண்டிய தேர்வில், பிழையான கேள்வியைப் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று மேலே பார்த்து, அதைப் புரிந்துகொண்டு கீழே வருவதற்குள் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்பதற்கு ஈடு எதுவும் வரவே இல்லை.

இன்னொரு வருடம் படிக்கட்டுமா என்று கேட்கத்தான் அவளும் அவள் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். லாங் டெர்ம் கட்டணம், ஹாஸ்டல், புத்தகம். இதற்கே அவருடைய ஒரு வருடச் சம்பளம் போதவில்லை. அதற்கப்புறம் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், “இவ படிச்சா ஒரு வருஷம், சார். தம்பி பத்தாவது முடிக்கிறான். இவ உக்காந்துட்டா அவன தறிக்கு அனுப்பணும்.” அந்தத் தாளில் நான் எழுதாமல் விட்ட வரி அது. அவள் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. நர்சிங் சேர்ந்தாள்.

இவர்கள் இரண்டு பேர் மட்டும் என்றால், ஏதோ தனிக் கதை என்று விட்டுவிடலாம். நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் கொடுத்த அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுபடி எழுதி வந்தவர்கள் நீட்டுக்கு முன்பு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள், 2020-21ல் 71 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். பத்துப் பேரில் ஏழு பேருக்கு முதல் முறை கிடைக்கவில்லை, காத்திருக்க முடிந்ததால் கிடைத்தது. அதே காலத்தில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களின் பங்கு பத்துக்கும் மேலான சதவீதத்திலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது. அந்தக் குழுவை அரசியல் கண்ணோடு பார்க்கிறவர்கள் உண்டு, இருக்கட்டும். நான் பாடம் எடுத்த வகுப்பறைகளில் பார்த்ததும் இதுதான்.

இங்கே பலர் எழுப்புகிற நியாயமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. “மருத்துவம் என்பதே கடுமையான படிப்பு. இரண்டு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவன்தான் அதைத் தாங்குவான். அந்த உழைப்பும் ஒரு தகுதிதானே?” உழைப்பு தகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, வீட்டு வேலையும் செய்து, கோச்சிங் இல்லாமல் 288 வாங்கியதில் உழைப்பு இல்லையா? ஓ.எம்.ஆர். தாளில் அந்த உழைப்புக்கு வட்டம் கிடையாது. விடுதியில் படுத்து, மூன்று வேளை சாப்பாடு மேசைக்கு வந்து, சந்தேகம் கேட்க இரவு பத்து மணிக்கும் ஆசிரியர் இருக்கிற இடத்தில் செய்த உழைப்பு மட்டும்தான் மதிப்பெண்ணாக மாறுகிறது. உழைப்பை மதிக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள், எந்த நிலத்தில் நின்று உழைத்தார்கள் என்பதையும் சேர்த்து மதிக்க வேண்டும்.

இன்னொரு வாதம்: “தேர்வு இல்லையென்றால் தரம் போய்விடும்.” தரத்தைக் காக்கத்தான் இந்தத் தேர்வு என்றால், 2023ல் முதுகலை நீட்டுக்குத் தகுதி வரம்பைப் பூஜ்ய பெர்சென்டைலுக்கு இறக்கியது எப்படி? எழுதினவர் எல்லோருமே தகுதி பெற்றவர்கள் என்று அர்த்தம். இளநிலையிலும் 2025ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 144. ஐந்தில் ஒரு பங்கு. 144 வாங்கியவர், பணம் இருந்தால் தனியார் கல்லூரியில் சேரலாம். 500 வாங்கியவர், பணம் இல்லை என்றால் வீட்டில் இருக்க வேண்டும். ஆக இந்தத் தேர்வு தரத்துக்கு ஒரு அடிக்கோடு போடுவதாக நான் நினைக்கவில்லை. மலிவான இடங்களுக்கு வரிசை போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த வரிசையில் ஒரு படி ஏறுவதற்கு இவ்வளவு விலை இருப்பதால்தான் குறுக்கு வழியும் வருகிறது. 2024ல் பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முயற்சிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடம், இரண்டு முறைதான் எழுத முடியும். நீட்டுக்கு அப்படி வரம்பே இல்லை. தமிழ்நாடு அரசு 2005ல் நுழைவுத் தேர்வை நீக்கி ஆணை போட்டபோது, மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளப் பொதுத்தேர்வை மறுபடி எழுதி (இம்ப்ரூவ்மெண்ட்) வாங்கிய மதிப்பெண்ணையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சேர்த்தது. உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை, ஆனால் அந்த யோசனைக்குப் பின்னால் இருந்த கவலை சரியானது. நான் மட்டும் இதில் கொஞ்சம் தயங்குவேன். முதல் முறை தேர்வு மையத்தையே கண்டுபிடிக்கத் தெரியாமல் ஓடி வருகிற பிள்ளைக்கு இரண்டாவது முறை ரொம்ப அவசியம். இரண்டு முறை இருக்கட்டும், மூன்றாவது வேண்டாம் என்பது என் கருத்து. அதோடு, பள்ளியில் நடத்துகிற பாடத்தைச் சரியாகப் படித்தால் போதும் என்கிற அளவில் கேள்வி இருந்து, நேரமும் தாராளமாக இருந்தால், இரண்டாவது வருடம் உட்கார்வதில் கிடைக்கிற லாபம் தானாகவே குறைந்துவிடும்.

இதைவிடப் பலன் தந்தது வேறொன்று. ஒருவரை அவர் படித்த சூழலில் இருப்பவர்களோடு ஒப்பிடுவது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. விரல் விட்டு எண்ணின இடத்தில் முதல் வருடமே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அடுத்த வருடம் பொறியியலுக்கும் அது வந்தது. தேர்வு அப்படியே இருக்கிறது, டம்மி நம்பரின் நியாயமும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர், அப்படிப் படித்த இன்னொருவரோடு போட்டி போடுகிறார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997லேயே ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று சட்டம் போட்டதும் இதே எண்ணத்தில்தான். ஒரு பள்ளியில் எல்லோரையும்விட முன்னால் நிற்கிற பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது, அந்தப் பள்ளி எவ்வளவு ஏழ்மையான பள்ளியாக இருந்தாலும்.

கடைசியாக ஒன்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். கட்-ஆஃப் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குள் நிஜமான வித்தியாசம் எதுவும் இல்லை. 291க்கும் 288க்கும் என்ன வித்தியாசம்? ஒரு கேள்வியில் விரல் எந்த வட்டத்தைக் கறுப்பாக்கியது என்பதுதான். அந்த இடத்தில் குலுக்கிப் போட்டாலும் தவறில்லை. குலுக்கல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் எல்லா விண்ணப்பதாரருக்கும் பத்து இலக்க ரேண்டம் எண் கொடுக்கிறார்களே, அது எதற்கு? எல்லா மதிப்பெண்ணும் சமமாகிவிட்டால் யார் முன்னால் என்று முடிவு செய்யத்தான். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். நெதர்லாந்தில் 1970களிலிருந்து பல வருடம் மருத்துவக் கல்லூரி இடங்களையே குலுக்கலில் கொடுத்தார்கள், பள்ளி மதிப்பெண் கூடினால் வாய்ப்பும் கூடும்படி. மிக நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் குலுக்கலில் தவறிப் போனதால் எதிர்ப்பு வந்து, பிறகு மாற்றினார்கள், 2017ல் நிறுத்தினார்கள், இப்போது மறுபடி அனுமதித்திருக்கிறார்கள். மிக முன்னால் இருப்பவரை நேராக எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே ஏறக்குறைய சமமாக இருக்கிறவர்களுக்குள் மட்டும் குலுக்கினால் அந்தக் குறையும் தீரும்.

உத்திரமேரூர் கல்வெட்டையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்க முதலில் தகுதி பார்த்தார்கள்: வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டுகிற கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தத் தகுதிகளே நிலம் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் உரியவை, அதைப் பொற்காலம் என்று நான் கொண்டாட மாட்டேன். ஆனால் தகுதிக்கு ஒரு கோடு, கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குள் குடம் என்ற அந்த இரண்டு படி முறையில் ஒரு தெளிவு இருக்கிறது. கோட்டைத் தாண்டிய பிறகு இன்னும் ஒரு வருடம் படித்து என்ன ஆகப் போகிறது? எதுவும் ஆகாது. அதனால் யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். தயாரிப்பு தன் அளவோடு நின்றுவிடும்.

இடங்களைக் கூட்டுவதும் ஒரு வழிதான், அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். எங்கள் நாமக்கல்லுக்கும் ஒன்று வந்தது. ஆனால் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிற தேர்வில், வரிசை கொஞ்சம் நகருமே தவிரக் குறையாது.

அந்தப் பெண் இப்போது ஒரு அரசு மருத்துவமனையில் செவிலியர். போன வருடம் என் மனைவிக்குச் சர்க்கரை ஏறி அங்கே சேர்த்திருந்தபோது இரவுப் பணியில் அவள்தான் இருந்தாள். நரம்பு கிடைக்காமல் இரண்டு பேர் குத்திப் பார்த்துவிட்டுப் போன கையில், அவள் உட்கார்ந்து, தடவிப் பார்த்து, ஒரே முறையில் ஊசியை ஏற்றினாள். 7.5 சதவீதம் வந்த வருடம் அவள் நர்சிங் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். அவள் வாங்கியதைவிடக் குறைவான மதிப்பெண்ணுக்கு அந்த ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். கிடைத்தது. அதைப் பற்றி நானாக எதுவும் பேசவில்லை. டிரிப் சொட்டுவதைச் சரிபார்த்துவிட்டு அவளே கேட்டாள், “இந்த வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல் கட்-ஆஃப் எவ்வளவு சார் வந்துச்சு?”